அண்டா விளிம்பில் படிந்த வெள்ளை: ஒரு சுருட்டை முடிச் சிறுமியின் ஆறு மாதக் குறிப்பு

ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஆறு வயதுச் சிறுமியைக் கடை நாற்காலியில் தூக்கி உட்காரவைத்துவிட்டு அவளுடைய தாய் கேட்டார்: "அக்கா, இவளுக்கு முடியை நேராக்கிவிட முடியுமா? தையில் எங்கள் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். ஊரே வரும். போட்டோவில் இவள் மட்டும் பரட்டையாக நிற்பாள்."

முடியாது என்றேன். உதவிக்கு இருக்கும் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆடியில் கல்யாணம் கிடையாது, மணப்பெண் அலங்காரம் கிடையாது. வலிய வந்த வேலையை வேண்டாம் என்கிறேனே என்று அவளுக்கு. ஆனால் நேராக்கும் மருந்து, முடியின் புரதத்தைக் கட்டி வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து வேறு வடிவில் பூட்டுகிற சமாசாரம். 'கெரட்டின்' என்று விற்கப்படும் கலவைகளில் சில, இஸ்திரிச் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. காரைக்குடியில் பதினான்கு ஆண்டுகளாகப் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துகிறேன். பெரியவர்கள் தெரிந்தே கேட்டால் அது அவர்கள் பாடு. ஆறு வயதுப் பிள்ளைக்கு நான் செய்யமாட்டேன்.

அந்தத் தாய் எழுந்து போகவில்லை. "அப்படியானால் இதை என்னதான் செய்வது?" என்றார். ஆடியிலிருந்து தை வரை நடந்ததை, அவர் நாட்காட்டித் தாள்களின் பின்புறம் எழுதி வைத்த குறிப்புகளையும் சேர்த்து இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தின் ஒப்புதல் உண்டு. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

வந்தபோது இருந்த நிலை

பின்னலை அவிழ்த்ததும் முடி கீழே விழவில்லை; பக்கவாட்டில் விரிந்து நின்றது. மேல் அடுக்கு பஞ்சு போலப் பறந்தது. அதை விலக்கிக் கீழ் அடுக்கைப் பார்த்தபோது, பென்சிலில் சுற்றி எடுத்ததுபோல வளையங்கள் இருந்தன. பரட்டைத் தலை அல்ல. நல்ல சுருட்டை, கலைந்து கிடக்கிறது என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஓர் இழையைப் பிடித்து இழுத்தால் 30 செ.மீ. நீளம்; விட்டால் 13 செ.மீ.க்குச் சுருங்கியது. "இவளுக்கு முடி வளர்வதே இல்லை" என்ற புகாருக்குப் பாதிப் பதில் இந்தக் கணக்கிலேயே இருந்தது.

பிடரியில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு சிக்கு, கம்பளிபோலக் கெட்டிப்பட்டிருந்தது. நெற்றி ஓரத்தில் குட்டை குட்டையாக முறிந்த முடிகள். இறுக்கப் பின்னியதன் அடையாளம். தலைத் தோல் சுத்தம். செதில், வட்ட வட்டமாக முடி கொட்டிய இடம், சீழ் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அன்றே தோல் மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். குழந்தைகளுக்குத் தலையில் வரும் படர்தாமரை மேல்பூச்சுக்கு அடங்காது, உள்ளுக்கு மருந்து சாப்பிட வேண்டும்.

என்னைக் குழப்பியது வேறொன்று. முடியைத் தொட்டால் கை முழுக்க விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. அதே முடி விரலிடுக்கில் தேங்காய் நார்போலச் சொரசொரத்தது. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். சேப்பங்கிழங்கு இலையில் பட்டதுபோல முத்து முத்தாக உருண்டு கீழே போய்விட்டது. இவ்வளவு எண்ணெய் குடித்த முடி இவ்வளவு வறண்டு போகுமா?

போகும். நேரான முடியின் குறுக்குவெட்டு கிட்டத்தட்ட வட்டம். சுருட்டை முடியினுடையது நீள்வட்டம், சப்பை. அது முளைத்து வரும் குழியே வளைந்தது. தலைத் தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரை இறங்கும். சுருட்டையில் ஒவ்வொரு வளைவும் ஒரு தடுப்பு. போதாக்குறைக்கு, குழந்தைகளுக்குப் பருவம் வரும்வரை அந்த எண்ணெய் சுரப்பதே குறைவு. ஆக நுனி காய்கிறது. காய்கிறதே என்று வீட்டில் மேலும் எண்ணெய் தேய்க்கிறார்கள். காய்ந்த முடியின் மேல் கெட்டியான எண்ணெய் படிந்தால் பிறகு வருகிற தண்ணீரும் உள்ளே இறங்காது.

வீட்டில் சொன்ன காரணங்கள்

இவை பல. ஒரு வயதில் குன்றக்குடியில் முடி இறக்கியபோது சரியாக மழிக்கவில்லை, அதனால் சுருண்டுவிட்டது என்பது ஒன்று. மறுபடி மொட்டை போட்டால் நேராக வரும் என்பது அதன் தொடர்ச்சி. பங்குனி உத்திரத்துக்குப் போகத் திட்டம்கூட இருந்தது. முருகனுக்கு நேர்ந்துகொண்டால் அது பக்தி, அதில் நான் தலையிட மாட்டேன். சுருட்டை போவதற்காக என்றால் வீண் அலைச்சல். கத்தி தோலுக்கு மேலே வெட்டுகிறது. வடிவத்தைத் தீர்மானிக்கும் குழியோ தோலுக்குள் இருக்கிறது. கைக்குழந்தை முடி நேராக இருந்து, மூன்று நான்கு வயதில் சுருள்வது இயல்பாக நடப்பதுதான்.

"எங்கள் பக்கத்தில் யாருக்கும் இப்படி இல்லை" என்றும் சொன்னார்கள். பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனபோது முகப்பில் மாட்டியிருந்த பழைய படமொன்றைப் பார்த்தேன். பினாங்கில் எடுத்தது, பாட்டையாவின் இளவயதுப் படம். கோட்டு, விபூதி, காதோரம் சுருள் சுருளாக இறங்கிய கிராப்பு. நான் படத்தைக் காட்டினேன், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சுருட்டை முடி சோறு போடும் என்ற சொலவடையைச் சிறுமியின் அப்பத்தா அப்போதுதான் ஞாபகப்படுத்திக்கொண்டார்.

அண்டா

நான் வீட்டுக்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது. முதல் மூன்று வாரம் கடையிலேயே பார்த்தேன். பிடரிச் சிக்கை வெட்டாமல், கண்டிஷனர் தடவி, விரலால் நுனியிலிருந்து மேலேறி, இரண்டு மணி நேரம் செலவழித்துப் பிரித்தேன். விளக்கெண்ணெயை நிறுத்தச் சொன்னேன். விளக்கெண்ணெய் தேய்த்துக் குளித்தபின் முடி ஒரேயடியாகக் கம்பளியாகிப்போன நிகழ்வு மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கிறது. நுனியில் இரண்டு செ.மீ. வெட்டினேன். கடையை விட்டுப் போகும்போது தலை அழகாக இருக்கும். அடுத்த சனிக்கிழமை பழையபடி நாராக வந்து நிற்பாள். இதற்கு வீட்டில்தான் பதில் இருக்க வேண்டும்.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஓர் ஊர். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு. அறுபது பேர் பந்தியில் உட்காரும் இடத்தில் இப்போது ஐந்து பேர் வசிக்கிறார்கள். பின்கட்டில், விறகடுப்பின் மேல் வெந்நீர் அண்டா. வெளிப்புறம் புளி போட்டுத் துலக்கித் தகதகவென்று இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்துக்கு மேலே விளிம்பைச் சுற்றி, சுண்ணாம்பு அடித்ததுபோல அரை விரல் கனத்துக்கு வெள்ளைப் படலம்.

"ஆச்சி, இது எந்தத் தண்ணீர்?" என்று அப்பத்தாவிடம் கேட்டேன்.

"போர் போட்டது. கிணறு வற்றியதிலிருந்து இதுதான். பருப்பு வேகாது, அதனால் சமையலுக்கு எடுப்பதில்லை. குளிக்கத்தானே!"

பருப்பு வேகாத தண்ணீரில்தான் அந்தப் பிள்ளையின் தலை தினமும் நனைந்துகொண்டிருந்தது. அதுவும் பள்ளி நாளில் அவசரம் என்று குளியல் சோப்பையே தலைக்கும் தேய்த்துவிடுவார்களாம். கடினநீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் நுரை வராது. கரையாத வெண்கசடு வரும். நேரான முடியில் அதில் பாதியாவது அலசும்போது போய்விடும். சுருட்டையின் வளைவுகளில் அது தங்கும். அதன் மேல் விளக்கெண்ணெய். அதன் மேல் மறுநாள் சோப்பு.

சொன்னால் நம்புவது கடினம் என்பதால் ஒரு சோதனை செய்தோம். மூன்று கண்ணாடிப் பாட்டில்கள். ஒன்றில் போர்த் தண்ணீர், ஒன்றில் நான் கடையிலிருந்து கொண்டுபோன எங்கள் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீர், ஒன்றில் முதல்நாள் மழையில் முற்றத்துத் தவலையில் பிடித்த தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு சோப்புத் துருவலைப் போட்டுச் சிறுமியையே குலுக்கச் சொன்னோம். மழைத் தண்ணீரில் பாட்டில் கழுத்து வரை நுரை. ஊற்றுத் தண்ணீரில் அதற்குச் சற்றுக் குறைவு. போர்த் தண்ணீரில் நுரையே இல்லை. திரிந்த பால்போலக் கசடு மிதந்தது.

அப்பத்தா அந்தப் போர்த் தண்ணீர்ப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அண்டாவுக்குப் புளி போடுவதுபோல இவள் தலைக்கும் ஏதாவது போட வேண்டும் என்கிறாய்" என்றார். நான் சொல்ல நினைத்த வேதியியல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. கார்பனேட் படிவைக் கரைப்பது அமிலம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, கண்ணில் படாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடைசி அலசலாக ஊற்றச் சொன்னேன். எலுமிச்சையும் அமிலம்தான், ஆனால் அதன் சாறு பட்ட தோலில் வெயிலடித்தால் கொப்புளிக்கலாம், முற்றத்தில் வைத்துக் குளிப்பாட்டும் வீட்டில் அது வேண்டாம்.

தண்ணீரை எங்கிருந்து எடுப்பது என்று யோசிக்கும்போதுதான் எனக்கு வெட்கமாகப் போயிற்று. செட்டிநாட்டு வீடு கட்டினவர்கள் ஓட்டுக் கூரையை நான்கு பக்கமும் முற்றத்தைப் பார்த்துச் சரித்ததே மழைத் தண்ணீரைப் பிடிக்கத்தான். அண்டாவும் கிடாரமும் சீதனப் பட்டியலில் இடம்பிடித்தது கொலுவில் அடுக்குவதற்கு அல்ல. இந்த வீட்டில் பித்தளைக் கிடாரங்கள் ஆறு, பெட்டக அறையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இரண்டை இறக்கினோம். முதல் மழை கூரையைக் கழுவட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து பிடித்து, வெள்ளை வேட்டித் துணியால் வேடு கட்டி வைத்தார்கள். இவள் தலைக்கு வாரம் இரண்டு குடம் போதும். உடம்புக்குப் போர்த் தண்ணீரே இருக்கட்டும்.

என் பிழை

தண்ணீர் மாறியதும் இரண்டே வாரத்தில் முடி இளகியது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. கஞ்சித் தண்ணீர் முடிக்கு நல்லது என்று எல்லா இடத்திலும் பேசுகிறார்களே என்று, வாரம் இரண்டு முறை வடிகஞ்சி தேய்க்கச் சொன்னேன். அலசவும் வேண்டாம், அப்படியே காயட்டும் என்றேன். அப்பத்தாவுக்கு ஏக சந்தோஷம். அவருடைய அம்மா காலத்து வழக்கம் திரும்பி வருகிறது.

மூன்றாவது வாரம் சிறுமி என் முன் வந்து, "என் முடி துடைப்பம் மாதிரி இருக்கிறது" என்றாள். உண்மை. விறைத்துப்போய், சீப்பு பட்டால் முறிந்தது. கஞ்சி போட்ட வேட்டி எப்படி நிற்கும் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது! மாவுச்சத்து இழை இழையாகக் காய்ந்து உராய்ந்திருக்கிறது. நிறுத்தினோம். அந்த மூன்று வாரத்தில் முறிந்த முன்முடி மறுபடி வளர மாசி ஆயிற்று. நாட்காட்டித் தாளில் தாய் எழுதியிருந்த குறிப்பு: "கஞ்சி. வேண்டாம்." அவ்வளவுதான். என்னைத் திட்டி எழுதாததற்கு நன்றி.

சுருளைப் பிடித்து நிறுத்த அடுத்து வெந்தயம் ஊறவைத்த வழுவழுப்பை முயன்றோம். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பள்ளியில் பக்கத்துப் பிள்ளை "உன் தலையில் வெந்தயக் களி வாசம் வருகிறது" என்று சொல்லிவிட, இவள் தலையைக் கொடுக்க மறுத்துவிட்டாள். ஆறு வயதுக்கும் மானம் உண்டு. பிறகுதான் ஆளி விதைக்கு வந்தோம்: கால் கப் விதை, இரண்டு கப் தண்ணீர், கிண்டிக்கொண்டே பத்து நிமிடம் கொதி. முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடு வடிகட்டிவிட வேண்டும். ஆறினால் விதையை விட்டு வராது. (இந்த வீடுகளின் சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றினார்கள். பதம் சொன்னதும் அப்பத்தா சுவரைத்தான் காட்டினார்.) முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்து, அரிப்பு இல்லை என்று தெரிந்தபின்தான் தலைக்குப் போட்டோம். குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். ஐப்பசியில் மின்தடை நீண்ட ஒரு வாரம் புளித்து நாறியதால் கொட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமைக் குளியல்

கடைசியில் நிலைத்த முறை இது. செவ்வாய் வெள்ளி எண்ணெய்க் குளியல் என்ற வீட்டு வழக்கத்தை மாற்றவில்லை. வெள்ளி முழுக் குளியல், செவ்வாய் வெறும் தண்ணீரும் கண்டிஷனரும். மற்ற நாள்களில் தலைக்குத் தண்ணீர் இல்லை.

வியாழன் இரவு, முடியை லேசாக ஈரப்படுத்தி, இரண்டு தேக்கரண்டி தேங்காயெண்ணெய், நடுமுடியிலிருந்து நுனி வரை மட்டும். தேங்காயெண்ணெயையே சொல்லக் காரணம் உண்டு. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு ரேலே, மோஹிலே என்ற ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றுதான். அதன் லாரிக் அமிலம் முடியின் உள்ளே இறங்கக்கூடியது.

வெள்ளி மாலை, பள்ளி விட்டு வந்ததும், சீயக்காய். பொடியாக அல்ல, சீயக்காயை மழைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, துணியில் வடித்த சாறு. பொடியாகப் போட்டால் திப்பி சுருளுக்குள் மாட்டிக்கொண்டு வாரம் முழுக்க உதிரும். சாறு தலைத் தோலுக்கு மட்டும். முடிக்கு அது வழிந்து போவதே போதும். பிறகு கண்டிஷனர், நிறைய. அது தலையில் இருக்கும்போதே சிக்கெடுக்க வேண்டும். நான்கு பகுதியாகப் பிரித்து, பல் அகன்ற சீப்பால், நுனியில் தொடங்கி மேலே. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் பழைய மரச் சிக்குவாரி ஒன்று வாங்கி வந்தார் அப்பா. அழகான பொருள், ஆனால் பல்லிடுக்கில் வெடிப்பு இருந்தது, முடியை அறுத்தது. இப்போது அது முகப்பில் அலங்காரமாக இருக்கிறது.

இதற்கு மேல் நடப்பதுதான் சுருளைச் சுருளாகக் காட்டுவது. தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும்போதே ஆளி விதை வழுவழுப்பை இரண்டு உள்ளங்கையிலும் தடவிக்கொண்டு, தலையைக் குனியவைத்து, நுனியைக் கொத்தாகக் கையில் ஏந்தி மேல்நோக்கி அமுக்க வேண்டும். ஈரம் அமுங்கும் சத்தம் சளக் சளக்கென்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தண்ணீர் போதவில்லை. துவட்டப் பூத்துண்டு கூடாது. அதன் நூல் கண்ணிகளில் சுருள் மாட்டிப் பிரிந்துவிடும். ஐயாவின் (தாத்தாவின்) பழைய மல் வேட்டியில் கிழித்த துண்டால் ஒற்றி எடுத்தால் போதும்.

பிறகு யாரும் கை வைக்கக் கூடாது. ஈரத்தில் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்துவிடுகின்றன. காயும்போது எந்த வடிவில் கிடக்கிறதோ அந்த வடிவில் மறுபடி பூட்டிக்கொள்கின்றன. பாதி காய்ந்த நிலையில் கோதினால் கோதிய கோணத்தில் பூட்டும். அதுதான் பரட்டை. இது சொல்ல எளிது. நான்கு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஈரத் தலைப் பிள்ளையைப் பார்த்தால் நான்கு பேருக்கும் கை துறுதுறுக்கும். சளி பிடிக்கும் என்று ஒருவர், சாம்பிராணி காட்டலாமா என்று ஒருவர். முற்றத்துத் தூணருகே உட்காரவைத்துப் பல்லாங்குழியைக் கையில் கொடுத்ததும்தான் ஒரு மணி நேரம் நிம்மதி கிடைத்தது. காய்ந்ததும் மேலே மொறுமொறுவென்று ஓர் ஓடு தெரியும். அதை உள்ளங்கையால் மெல்லக் கசக்கிவிட்டால் வளையங்கள் மட்டும் மிருதுவாக நிற்கும்.

பள்ளியில் ரிப்பன் வைத்த இரட்டைச் சடை கட்டாயம். விரித்துவிட வழியில்லை. இறுக்காமல், காதுக்குக் கீழிருந்து பின்னத் தொடங்குவது என்று முடிவு செய்தோம். இரவில் பழைய பட்டுப் பாவாடையைத் தைத்த தலையணை உறை.

இடையில் புரட்டாசியில் பேன் வந்தது. மருந்து வாங்க ஓடாமல், கண்டிஷனர் தடவிய ஈர முடியில் பேன்சீப்பால் நான்கு நாளைக்கு ஒருமுறை, மூன்று வாரம் வாரினார்கள். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் இடையில் விட்டால் பயனில்லை. போய்விட்டது.

தையும் அதன் பிறகும்

தாயின் குறிப்புப்படி, சிக்கெடுக்க ஆடியில் 45 நிமிடம், அழுகையோடு. மார்கழிக் கடைசியில் 15 நிமிடம், புலம்பலோடு. சீப்பில் வரும் முறிந்த முடியும் கண்கூடாகக் குறைந்தது. தண்ணீர் தெளித்தால் உருளவில்லை. முடி உடனே கறுத்து ஈரம் வாங்கியது. எனக்கு முக்கியமான அளவுகோல் அதுதான்.

அறுபதாம் கல்யாணத்தன்று நான் போயிருந்தேன், மற்றவர்களுக்கு அலங்காரம் செய்ய. சிறுமிக்கு நான் எதுவும் செய்யவில்லை. முதல்நாளே அப்பத்தா முடித்திருந்தார். கதம்பத்தை உச்சியில் செருகிவிட்டு, "தொடாதே, தொடாதே" என்று வந்தவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் இரண்டு பேர் என்னிடம், "எந்தக் கடையில் சுருட்டினீர்கள், எவ்வளவு ஆயிற்று?" என்று கேட்டார்கள்.

சித்திரையில் மறுபடி பார்த்தேன். பிடரிச் சிக்கு முழுவதும் போகவில்லை. சட்டைக் காலரும் வியர்வையும் சேர்ந்து அங்கே வாரத்துக்கு ஒரு சிறு முடிச்சு விழுகிறது. மழைத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வெள்ளிதோறும் அப்பா இருசக்கர வாகனத்தில் ஊற்றுத் தண்ணீர் இரண்டு குடம் கட்டிக்கொண்டு போகிறார். வெயிலில் நுனி மறுபடி காயத் தொடங்கியிருப்பதால் பள்ளி திறக்கும் முன் ஒரு செ.மீ. வெட்ட வரச்சொல்லியிருக்கிறேன். உலர்ந்த நிலையில்தான் வெட்ட வேண்டும். ஈரத்தில் வெட்டினால் சுருங்கும்போது கணக்குத் தப்பிவிடும்.